மூன்று கோழி காட்ட இருபத்தைந்து குஞ்சு: முதல் பேட்ச் பிராய்லர்

நீங்கள் கேட்டது இது. பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் உங்களுக்குச் சின்னதாக ஓர் இடம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளின் பள்ளியில் நவம்பர் 14 அன்று விவசாயக் கண்காட்சி, அதில் கறிக்கோழிக்கு ஒரு பிரிவு. ஒரே பாலில் (மூன்றும் ஆண், அல்லது மூன்றும் பெண்) மூன்று பிராய்லர், வயது 42 நாளைத் தாண்டக் கூடாது, ஒவ்வொன்றும் 2 கிலோவுக்குக் குறையக் கூடாது. கால்நடை மருத்துவர் ஒருவர் கையால் தொட்டுப் பார்த்து மதிப்பெண் போடுவார். ஐந்து குஞ்சு வாங்கினால் போதுமா, எந்தத் தீவனம் போட்டால் எடை ஏறும்?

ஐந்து போதாது. எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

நான் பல்லடத்துக்காரன். இருபது வருடத்துக்கு மேல் ஆனேக்கல், ஹொஸ்கோட்டே பக்கத்துப் பண்ணைகளில் சூப்பர்வைசராக இருந்தவன். பண்ணையில் நாங்கள் பார்ப்பது மொத்த எடையும் தின்ற தீவனக் கணக்கும்தான். கண்காட்சிக்கு வேறு கண் வேண்டும். அங்கே கூண்டில் நிற்கும் மூன்றும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்க வேண்டும். 3 கிலோ, 2.6, 2.2 என்று மூன்று கோழி வைத்தவர் தோற்பார், 2.5, 2.5, 2.45 வைத்தவர் ஜெயிப்பார். இந்த மூன்று கோழிக் கூண்டு முறை அமெரிக்காவில் மாவட்டக் கண்காட்சிகளில் பள்ளிப் பிள்ளைகளுக்காக நடத்துவது. உங்கள் பள்ளியும் அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது போல.

எடை ஏன் கவலை இல்லை என்றால், அது குஞ்சின் ரத்தத்திலேயே இருக்கிறது. இந்தக் கோழியே ஒரு போட்டியில் பிறந்தது என்று சொல்லலாம். 1948-ல் அமெரிக்காவில் ‘நாளைய கோழி’ என்று தேசிய அளவில் ஒரு போட்டி நடந்தது. ஏ அண்ட் பி என்ற பெரிய மளிகை நிறுவனம் செலவை ஏற்றது. பல மாநிலங்களிலிருந்து முட்டைகளை வரவழைத்து, ஒரே இடத்தில் பொரிக்க வைத்து, ஒரே தீவனம் போட்டு வளர்த்து, அறுத்துப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். சார்லஸ் வான்ட்ரஸ் என்பவர் கார்னிஷையும் நியூ ஹாம்ப்ஷயரையும் கலந்து உண்டாக்கிய கோழி முதல் பரிசு வாங்கியது. அந்தக் கார்னிஷுக்கு இங்கிலாந்தில் ‘இந்தியன் கேம்’ என்று பெயர். நம் ஊர் அசில் சண்டைக்கோழியின் ரத்தம் அதில் இருக்கிறது. உங்கள் மகள் கூண்டில் நிறுத்தப் போகிற கோழியின் அகன்ற நெஞ்சுக்குத் தாத்தா நம் சேவல்தான். கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். இருபத்தைந்து குஞ்சு வாங்குங்கள். இங்கே பொரிப்பகங்களில் பெரும்பாலும் ஆண் பெண் கலந்துதான் கொடுப்பார்கள். அதில் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண். ஒன்றிரண்டு முதல் வாரத்திலேயே போய்விடும். ஒன்றுக்குக் கால் கோணும், ஒன்றுக்கு நெஞ்செலும்பு வளையும், ஒன்று எப்போதும் மற்றதை விடச் சின்னதாகவே இருக்கும். கடைசியில் கையில் நிற்பது ஏழெட்டு. அந்த ஏழெட்டில்தான் ஒன்றுபோல் மூன்றைத் தேட முடியும். ஐந்து வாங்கினால் தேர்வுக்கே இடம் இல்லை, ஒன்று செத்தாலே ஒரே பாலில் மூன்று தேறாமல் போகலாம்.

கிரிராஜா, ஸ்வர்ணதாரா என்று பெங்களூர் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி உருவாக்கிய இனங்களைப் பற்றி யாராவது சொல்வார்கள். நல்ல கோழிகள், கொல்லையில் விட்டு வளர்க்க அருமையானவை. ஆனால் 42 நாளில் இந்தப் போட்டிக்கான நெஞ்சு அவற்றுக்கு வராது. பிராய்லர் குஞ்சே கேளுங்கள்.

இனி தேதி. 14-லிருந்து பின்னால் எண்ணினால் அக்டோபர் 5-ஐ ஒட்டிக் குஞ்சு வர வேண்டும். அப்போது கண்காட்சியன்று 40 நாள். பொரிப்பகம் ஒரு நாள் முன்பின் ஆக்கினாலும் 42-ஐத் தாண்டாது. பொரித்த தேதி போட்ட ரசீதை வாங்கி வையுங்கள், கேட்பார்கள். அந்தச் சமயம் புரட்டாசி மாதம். நம் ஆட்கள் பாதிப் பேர் கறியை நிறுத்தியிருப்பார்கள், அதனால் குஞ்சு விலையும் இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு. விலை குறைவு என்பதற்காக ஏஜென்ட் கடையில் இரண்டு நாள் பெட்டியில் கிடந்த குஞ்சை மட்டும் எடுக்காதீர்கள். ஒரு முறை நான் அப்படி ஒரு தரகரிடம் வாங்கினேன். இரண்டு மூன்று வயதுக் குஞ்சுகளை ஒரே பெட்டியில் கலந்து கொடுத்துவிட்டார். கடைசி நாள் வரை அந்த பேட்ச் ஏணிப்படி மாதிரியே நின்றது.

வாங்கும்போது ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுத்துப் பாருங்கள். எடை 40 கிராமுக்கு மேல், தொப்புள் மூடிக் காய்ந்து, கண் பளிச்சென்று, கால் மெழுகு பூசின மாதிரி. மல்லாக்கப் போட்டால் உடனே புரண்டு எழ வேண்டும்.

முதல் வாரத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பரிசு கைவிட்டுப் போவது அங்கேதான், கண்காட்சி மேசையில் இல்லை. ஏழாம் நாள் எடை, வந்த நாள் எடையைப் போல் நாலு மடங்கு இருக்க வேண்டும். 42 கிராம் குஞ்சு 170-ஐத் தாண்ட வேண்டும். அங்கே பின்தங்கிய குஞ்சு அப்புறம் எவ்வளவு தின்றாலும் கூட்டத்தோடு சேராது.

தகரமோ கெட்டி அட்டையோ ஒன்றரை அடி உயரத்துக்கு வளைத்து, நாலடி விட்டத்தில் ஒரு வட்டம் போடுங்கள். மூலை இருக்கக் கூடாது. குளிர்ந்தாலும் பயந்தாலும் குஞ்சு மூலைக்கு ஓடி ஒன்றின் மேல் ஒன்று ஏறும், அடியில் உள்ளது மூச்சு முட்டிச் சாகும். உள்ளே மூன்று அங்குலம் உமி. கிடைத்தால் மரச்சீவலும் நல்லது. மேலே முதல் இரண்டு நாளைக்குக் காகிதம் விரியுங்கள். வழவழப்பான பத்திரிகைத் தாள் வேண்டாம், அதில் கால் இரண்டு பக்கமும் வழுக்கிப் போய் நிரந்தரமாக விரிந்துவிடும். சொரசொரப்பான தாளாகப் பார்த்து வாங்குங்கள்.

சூட்டுக்குக் குஞ்சுக்கு 2 வாட் என்பது பழைய கணக்கு. இருபத்தைந்துக்கு 50 வாட் வருகிறது. அக்டோபர் ராத்திரி பெங்களூரில் 19 டிகிரிக்கு இறங்கும். நான் 60 வாட் குண்டு பல்பு இரண்டு போடுவேன், ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. சிரிக்காதீர்கள், எல்இடியைத் தொங்கவிட்டுவிட்டு ‘குஞ்சு ஏன் சாகுது’ என்று போன் பண்ணியவர்கள் உண்டு. குண்டு பல்பு கிடைக்கவில்லை என்றால் இன்ஃப்ரா ரெட் பல்பு ஒன்று வாங்கி உயரமாகக் கட்டுங்கள். கரண்ட் போகும் ஊர், இன்வெர்ட்டரிலிருந்து ஒரு ஒயர் இழுத்து வையுங்கள். குஞ்சு வருவதற்கு முந்தின நாளே விளக்கைப் போட்டு உமி சூடேற வேண்டும். குஞ்சின் முதுகு உயரத்தில் 33, 34 டிகிரி. வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள்.

தெர்மாமீட்டர் இருக்கட்டும், குஞ்சையே பாருங்கள். விளக்கடியில் குவிந்தால் குளிர். தகரத்தை ஒட்டி ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எங்கோ காற்று அடிக்கிறது. தூவின கடலை மாதிரி பரவிக் கிடந்தால் நீங்கள் தூங்கப் போகலாம். முதல் ராத்திரி தூங்கவே போகாதீர்கள்.

வந்தவுடன் தண்ணீர், அப்புறம் தீவனம். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒரு முறை தண்ணீரில் நனைத்து விடுங்கள். முதல் தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைக்கலாம். தீவனத்தைக் காகிதத்தின் மேலேயே தூவுங்கள். அன்று ராத்திரி பத்து மணிக்கு ஒவ்வொன்றின் கழுத்தடித் தீனிப்பையையும் விரலால் தொட்டுப் பாருங்கள். கஞ்சி மாதிரி மெத்தென்று நிறைந்திருந்தால் தின்று குடித்திருக்கிறது. கெட்டியாக இருந்தால் தண்ணீர் காணவில்லை, காலியாக இருந்தால் எதையுமே காணவில்லை. அந்தக் குஞ்சைப் பிடித்துத் தண்ணீரிடம் கொண்டுபோய் விட வேண்டும். இதை உங்கள் மகளே செய்யட்டும், இருபத்தைந்துக்குப் பத்து நிமிடம்தான்.

தீவனத்தில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. நல்ல கம்பெனித் தீவனம், பத்து நாள் வரை பிரி-ஸ்டார்ட்டர், மூன்று வாரம் வரை ஸ்டார்ட்டர், அப்புறம் ஃபினிஷர். புரதம் 23, 22, 20 சதவீதம் என்று இறங்கும். ஒரு கோழி 40 நாளில் நாலரை கிலோ வரை தின்னும். மொத்தம் 110 கிலோ சொச்சம். மழைக்காலம், மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள், பூஞ்சை வந்த தீவனத்தைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். மீந்த சோறு, பிரெட் எதுவும் போடாதீர்கள். அதில் கொழுப்பு ஏறும், நெஞ்சு ஏறாது. கடைசி இரண்டு வாரத்தில் மஞ்சள் மக்காச்சோளம் நிறைந்த ஃபினிஷர் கிடைத்தால் தோலுக்கும் காலுக்கும் நல்ல மஞ்சள் வரும், மருத்துவர் அதையும் பார்ப்பார்.

தடுப்பூசி ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் வெள்ளைக் கழிச்சலுக்கு ஒரு சொட்டு கண்ணில், பதினான்காம் நாளை ஒட்டி, குஞ்சின் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் கம்போரோ நோய்க்கு, நாலாம் வாரத்துக்குள் வெள்ளைக் கழிச்சலுக்கு இன்னொரு முறை தண்ணீரில். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து, உடைத்த கையோடு தீர்க்க வேண்டும். குப்பி நூற்றுக்கணக்கான கோழிக்கானது. பக்கத்துப் பண்ணையில் போடும் அன்றைக்கு நீங்களும் சேர்ந்துகொள்வது புத்திசாலித்தனம். இல்லையென்றால் அரசாங்க ‘பசு ஆஸ்பத்ரே’வுக்குப் போய்க் கேளுங்கள். நம் ஆட்கள் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு மாட்டுக்கு மட்டும்தான் என்று திரும்பிவிடுகிறார்கள். கன்னடத்தில் பசு என்றால் எல்லாக் கால்நடையும்தான், கோழியையும் பார்ப்பார்கள்.

இரண்டாம் வாரத்திலிருந்து உங்கள் எதிரி ஈரம். இருபத்தைந்து கோழிக்கு 50, 60 சதுர அடி கொடுங்கள். பண்ணையில் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடிதான், ஆனால் உங்களுக்கு இறகு அழுக்காகக் கூடாது. உமியைக் கையில் அள்ளிப் பிடித்து விடுங்கள்: உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் ஈரம். ஈரமானதை அள்ளி எறிந்து புது உமி போடுங்கள், தினமும் கிளறி விடுங்கள். ஈர உமியில் உட்கார்ந்த கோழிக்கு உள்ளங்காலில் கருப்புப் புண், முழங்காலில் பழுப்புத் தழும்பு, நெஞ்சில் கொப்புளம் வரும். மூன்றுமே மதிப்பெண்ணைத் தின்னும், ஒன்றையும் கழுவி மறைக்க முடியாது. ரத்தக் கழிச்சலும் ஈரத்தில்தான் பிறக்கிறது. எச்சத்தில் ரத்தம் கண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்று, குளிருக்குப் பயந்து படுதாவை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டுவார்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், ராத்திரி குளிர், கோழியோ தன் இதயத்தால் தாங்க முடியாத வேகத்தில் வளர்கிறது. உள்ளே அம்மோனியா நெடியும் சேர்ந்தால் வயிற்றில் நீர் கோத்து நல்ல கோழியாகப் பார்த்துச் சாகும். படுதாவின் மேல் ஓர் அடியைத் திறந்தே வையுங்கள். நீங்கள் நின்றபடி முகர்ந்தால் தெரியாது. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கோழி மூக்கு இருக்கும் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் கரித்தால் கோழிக்கும் கரிக்கும். முதல் வாரம் கழிந்ததும் ராத்திரி நாலைந்து மணி நேரம் விளக்கை அணைத்துவிடுங்கள். காலும் இதயமும் உறுதிப்பட அந்த இருட்டு வேண்டும். குளிராக இருந்தால் சூட்டை மட்டும் வெளிச்சமில்லாமல் கொடுக்க வழி பாருங்கள்.

தீபாவளி பெரும்பாலும் இந்த நாற்பது நாளுக்குள்தான் வந்து விழும். என் முதல் வருடம், தீபாவளி ராத்திரி பண்ணைக்குப் பக்கத்து வீதியில் ஆயிரம் வாலா வெடித்தார்கள். ஷெட்டில் மூன்று வாரக் குஞ்சு அறுநூறு. நான் ஊருக்குப் போயிருந்தேன். காலையில் வந்து பார்த்தால் ஒரு சுவரோரம் எழுபது குஞ்சு தட்டையாகக் கிடந்தன. நோயில்லை, காயமில்லை, வெறும் பயம். அன்றிலிருந்து தீபாவளிக்கு ஷெட்டில் மங்கலாக ஒரு விளக்கும் சாயங்காலத்திலிருந்தே சத்தமாக ஒரு ரேடியோவும் வைக்காமல் இருந்ததில்லை. உங்கள் இருபத்தைந்துக்கு ஒரு ஆள் உள்ளேயே உட்கார்ந்திருந்தால் போதும்.

தேர்வை நாலாம் வாரத்தில் தொடங்குங்கள். அப்போது ஆணின் கொண்டையும் தாடியும் சிவந்து எழும், கால் தடித்திருக்கும். பெண்ணையே காட்டுவதானாலும் தப்பில்லை, சில பேட்சில் பெண்கள்தான் ஒன்றுபோல் அமையும். அதை இப்போது முடிவு செய்யாதீர்கள், தராசு சொல்லட்டும். ஒவ்வொன்றுக்கும் காலில் ஒரு நிறப் பட்டை கட்டி வாரம் ஒரு முறை ஒரே நேரத்தில் எடை எழுதுங்கள். பட்டையை வாரா வாரம் தளர்த்த மறந்தால் அது காலை அறுத்துவிடும். பிராய்லர் கால் ஒரு வாரத்தில் அவ்வளவு தடிக்கும்.

ஆணைக் காட்டுவதானால், 35-ஆம் நாள் சுமார் 2 கிலோவில் நிற்கும் ஆண்களைத் தேர்வுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். இப்போது மருத்துவரின் கை என்ன தேடும் என்று உங்கள் கையும் தேடட்டும். கோழியை வலது முன்கையில் படுக்க வைத்து, விரல்களுக்கிடையில் இரண்டு காலையும் பிடித்து, இடது உள்ளங்கையை நெஞ்சின் மேல் வையுங்கள். நெஞ்செலும்பு நூல் பிடித்த மாதிரி நேராக வர வேண்டும். இரண்டு பக்கமும் சதை எலும்பு உயரத்துக்கு நிறைந்து, முன்னே மட்டும் அல்ல, பின்பக்கம் வரை அகலம் குறையாமல் போக வேண்டும். எலும்பு கத்தி மாதிரி குத்தினால் அது தேறாது. அப்புறம் தொடை, முதுகு அகலம். கடைசியாக இறக்கைக்கடித் தோலைத் திருப்பிக் காயம், கன்றிப்போன நீலம், கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு மூன்றைத் தடவினால் எது எதுவென்று தெரியக் கூடாது. அந்த மூன்றுதான் உங்கள் கூண்டு. இன்னும் இரண்டை மாற்றாக வையுங்கள். கடைசி வாரத்தில் பெரிய ஆண் ஒன்று காரணமே இல்லாமல் மல்லாந்து செத்துக் கிடப்பது பிராய்லரில் வழக்கம்.

அந்த ஐந்தையும் மகள் தினமும் பத்து நிமிடம் இப்படித் தூக்கிப் பழக வேண்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது கறிக்கடைப் பழக்கம். இந்த எடையில் தொடை கன்றிவிடும்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, வெயில் நல்ல நேரத்தில் குளிப்பாட்டுங்கள். மூன்று வாளி வெதுவெதுப்பான தண்ணீர்: முதலில் குழந்தை ஷாம்பூ துளி, இரண்டாவதில் ஒரு மூடி வினிகர், மூன்றாவது வெறும் தண்ணீர். இறகு போகும் திசையிலேயே தடவ வேண்டும், எதிர்த்துத் தேய்த்தால் இறகு உடையும். கால் செதில்களைப் பழைய பல் தேய்க்கும் பிரஷால். துண்டில் ஒற்றி, டிரையரை மிதமான சூட்டில் தள்ளிப் பிடித்து முழுக்கக் காய வையுங்கள். அடிவயிறு ஈரமாக விட்டால் ராத்திரி குளிரில் விறைத்துப் போகும். அப்புறம் புது உமியில் தனியாக.

கண்காட்சியன்று காலை ஐந்து மணிக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள். ஓசூர் ரோட்டில் சில்க் போர்டு சிக்னல் நெரிசலைக் கோழி தாங்காது, நாமே தாங்குவதில்லை. முந்தின ராத்திரி இருட்டில் பிடித்துப் பெட்டியில் வைத்தால் படபடக்காது, இறக்கை கன்றாது. கிளம்புவதற்கு ஆறு மணி நேரம் முன்பு தீவனத்தை எடுத்துவிடுங்கள், தண்ணீர் மட்டும் இருக்கட்டும். வழியில் எச்சம் குறையும், தீனிப்பை புடைத்து நெஞ்சின் வடிவத்தைக் கெடுக்காது. டிக்கியில் வைக்காதீர்கள், பின் சீட்டில் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மருத்துவர் மகளிடம் கேள்வி கேட்பார். வயது, தீவனம், தடுப்பூசி, மருந்து கொடுத்திருந்தால் அதை நிறுத்தி எத்தனை நாள் ஆயிற்று என்பது. கடைசியைத் தெளிவாக எழுதி வையுங்கள். கறிக்குப் போகிற கோழி. எந்த மருந்துக்கும் நிறுத்த வேண்டிய நாள் கணக்கு பாக்கெட்டில் இருக்கும். கடைசி வாரத்தில் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஆன்டிபயாடிக் கலக்குவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன், பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னாலும்.

காட்டி முடித்த கோழியைத் திரும்ப ஷெட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பத்து ஊர்க் கோழி கூடின இடம் அது. 2012 அக்டோபரில் பெங்களூர் பக்கத்து ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழிப் பண்ணையிலேயே பறவைக் காய்ச்சல் வந்து வான்கோழிகள் செத்தன. வேலி, காவல், மருத்துவர் எல்லாம் இருந்த இடம். மூன்றையும் அங்கிருந்தே அறுக்கக் கொடுத்துவிடுங்கள், செருப்பைக் கழுவிவிட்டு வீட்டுக்குள் போங்கள். மகள் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தால் இந்தப் பேச்சை முதல் வாரத்திலேயே அவளிடம் பேசிவிடுவது நல்லது. என் மகளிடம் நான் கடைசி நாள் சொன்னேன், ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மீதிக் கோழிகளை 42-ஆம் நாளே கறிக்கடைக்குப் பேசி முடியுங்கள். கடைக்காரர் சின்ன பேட்ச் என்று கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்பார். இன்னொரு கடை பார்க்கலாம் என்று நாலு நாள் இழுக்காதீர்கள். அந்த வயதில் ஒரு கோழி ஒரு நாளைக்கு 200 கிராம் வரை தின்னும், அந்த ஐந்து ரூபாய் முழுக்கத் தீவனத் தொட்டிக்குள்ளேயே போய்விடும்.